மின்சாரம் போய் வந்ததும் படங்களைக் காணோம்: ரெக்கவரிக்குப் பணம் கட்டாதீர்கள்

வாசகர் ஒருவர் பழைய மடிக்கணினியில் உபுண்டு போட்டு, டாக்கரில் (மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) இம்மிச் என்ற படச் சேமிப்புச் செயலியை நடத்துகிறார். குடும்பப் படங்கள், டேட்டாபேஸ் எல்லாமே 2 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில். போன வாரம் மின்சாரம் போய் வந்த பிறகு இம்மிச்சைத் திறந்தால், புதிதாக அட்மின் கணக்கு தொடங்கச் சொல்கிறதாம். கடைக்காரர், "டேட்டா போச்சு, ரெக்கவரிக்கு எட்டாயிரம் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். படங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். இம்மிச்தான் வீடு மாறிப் போய்த் தேடுகிறது.

உபுண்டு டெஸ்க்டாப், நீங்கள் லாகின் செய்த பிறகுதான் யுஎஸ்பி டிஸ்க்கை 'மீடியா' கோப்புறைக்குள் கொண்டுவரும். டாக்கரோ கணினி கிளம்பும்போதே கிளம்பிவிடும். இம்மிச்சின் அமைப்புகள் இருக்கும் என்வ் கோப்பில் நீங்கள் எழுதிய 'போட்டோஸ்' என்ற இடம், அதாவது டிஸ்க்கின் பெயரில் வரும் கோப்புறை, அந்த நேரத்தில் இல்லை. இல்லையென்றால் நிற்க வேண்டியதுதானே? நிற்காது. அதே பெயரில் காலிக் கோப்புறை ஒன்றை டாக்கர் உருவாக்க, அதற்குள் புது டேட்டாபேஸ் தொடங்கிவிடும். அப்புறம் லாகின் செய்தால், பெயர் பறிபோன உண்மையான டிஸ்க் 'போட்டோஸ்1' என்று போய் உட்காரும். மீடியாவைத் திறந்து பாருங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்காமல் கோப்புறை உருவாக்கும் இந்தப் பழக்கத்தை யார் வேண்டும் என்று கேட்டார்களோ!

இப்போது செய்ய வேண்டியது: புதுக் கணக்கு தொடங்காதீர்கள். டெர்மினலில் 'டாக்கர் கம்போஸ் டவுன்' கொடுத்து இம்மிச்சை நிறுத்துங்கள். கிளம்பும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று கணினிக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்குக்கு நிரந்தர இடம் எழுதுங்கள், 'எம்என்டி'க்குள் 'படம்' என்று வைத்துக்கொள்வோம். கணினி டிஸ்க்குக்குத் தரும் எஸ்டிபி1 என்ற பெயரை நம்பாதீர்கள், அது மாறும், டிஸ்க்கின் தனி அடையாளமான யூயூஐடி மாறாது.

அந்த வரியில் 'நோஃபெயில்' என்றும் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்கலாம், டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி கிளம்பும். ஆனால் டிஸ்க் இல்லாமல் கிளம்பினால் பழைய கதைதான். அதனால் டிஸ்க்கைக் கழற்றிய நிலையில், காலியாக இருக்கும் அந்தப் 'படம்' கோப்புறையை 'சாட்டர்' கட்டளையால், பிளஸ் ஐ கொடுத்து, பூட்டிவிடுங்கள். டிஸ்க் மாட்டினால் வழக்கம்போல எழுதலாம். மாட்டாவிட்டால் டாக்கரால் உள்ளே ஒன்றும் உருவாக்க முடியாது, கன்டெய்னர் பிழை காட்டி நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். இதை டிஸ்க் மாட்டியிருக்கும்போது செய்தால் பூட்டு டிஸ்க்கின் மேலேயே விழும். இரண்டு தடவை பார்த்துச் செய்யுங்கள்.

அடுத்து டேட்டாபேஸ். அதை உள் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டிஸ்க்கிலுள்ள போஸ்ட்கிரஸ் (இம்மிச்சின் டேட்டாபேஸ்) கோப்புறையை சூடோவோடு (நிர்வாகி அதிகாரத்தோடு), நகலெடுக்கும் 'சிபி' கட்டளைக்கு ஹைஃபன் ஏ கொடுத்து நகலெடுக்க வேண்டும். மவுஸால் இழுத்துப் போட்டால் கோப்புகள் யாருடையவை என்ற உரிமை குழம்பும். டேட்டாபேஸ் உள்ளேயும் படங்கள் வெளியேயும் இருந்தால், டிஸ்க் காணாத அன்று இம்மிச் தன் அடையாளக் கோப்பைத் தேடி, கிடைக்காமல், கிளம்ப மறுக்கும்.

யூடியூபில் பார்த்து 777 அனுமதி (யாரும் எதையும் மாற்றலாம் என்பது) கொடுக்காதீர்கள். இம்மிச் கன்டெய்னர் வழக்கமாக ரூட்டாகவே, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓடுகிறது; இங்கே அனுமதி பிரச்சினையே இல்லை. அதைவிட மோசம் "ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுத் தரேன்" என்கிற ஆட்கள். அப்படிப் போட்டு வாங்கிய டிஸ்க் ஒன்று என்னிடம் வந்தது. பத்து வருடப் படங்கள் இருந்த இடத்தில் புதுசாக, சுத்தமாக, ஒன்றுமே இல்லை.

கடைசியாக என்வ் கோப்பில் அப்லோட் லொக்கேஷன், டிபி டேட்டா லொக்கேஷன் இரண்டுக்கும் முழுப் பாதையை எழுதுங்கள். டிபி பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். டேட்டாபேஸ் முதல்முறை உருவானபோது இருந்ததுதான் செல்லும், இங்கே மாற்றினால் கதவுதான் மூடும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் புது வரிகள் ஏறாது, 'டாக்கர் கம்போஸ் அப் ஹைஃபன் டி' கொடுங்கள். பழைய லாகின் பக்கம் வரும், பழைய கடவுச்சொல்லே போதும்.