மண்டபத்தில் சக்கர நாற்காலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விபத்துக்குப் பிறகு என் அண்ணன் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு போன் செய்தால், "எல்லா வசதியும் இருக்கும்மா, தாராளமா கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். வாசலில் ஒரு சாய்தளமும் எங்கோ ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருந்தாலே "எல்லா வசதியும்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வசதி இருக்கிறதா என்று கேட்காமல், அளவைக் கேளுங்கள். முடிந்தால் டேப்போடு ஒரு நடை நேரிலேயே போய் வந்துவிடுங்கள்.

முதலில் அண்ணனின் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். சீட்டின் அகலம் வேண்டாம். கையால் தள்ளும் வளையத்தின் வெளி விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்பு வரை எடுங்கள். 18 அங்குல சீட் உள்ள சாதாரண மடக்கு நாற்காலி, இப்படி அளந்தால் 25, 26 அங்குலம் வரும். அடுத்து டாய்லெட் கதவு. "இரண்டரை அடிக் கதவு" என்று அவர்கள் சொல்வது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கச் சட்டமும் போக 25 அங்குலம்தான் மிஞ்சும். திறந்து நிற்கும் கதவின் கனம் இன்னும் ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடும். ஆகவே கதவை முழுக்கத் திறந்துவைத்து, கதவுக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் அளவெடுங்கள். நாற்காலியைவிட அது இரண்டு அங்குலமாவது கூடுதலாக இல்லையென்றால் விரல் முட்டிகள் சட்டத்தில் உரசும். ஒன்றரை அங்குலம்தான் குறைகிறது என்றால் ஒரு வழி உண்டு. முதல் நாளே மேலாளரிடம் சொல்லி, கீல் ஆணிகளைக் கழற்றிக் கதவையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கனமான திரை கட்டச் சொல்லுங்கள்.

உள்ளே போன பிறகுதான் பெரிய சிக்கல். சாதாரண டாய்லெட் அறை மூன்றடி அகலம்தான் இருக்கும். நாற்காலி டாய்லெட் பீங்கானுக்கு நேர் எதிரே நிற்குமே தவிர, பக்கவாட்டில் போய் நிற்காது. எழுந்து நிற்க முடியாதவர் பக்கவாட்டில் இருந்துதான் மாறி உட்கார முடியும். இடம் இல்லையென்றால், சக்கரம் வைத்த கமோடு நாற்காலியை வாடகைக்கு எடுங்கள். ஆஸ்பத்திரிச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அடியில் உள்ள வாளியை எடுத்துவிட்டுப் பின்பக்கமாகத் தள்ளினால் பீங்கானுக்கு மேலே போய் நிற்கும். கமோடு நாற்காலியின் அடிப்பாகம் பீங்கானைவிட உயரமா, பின்னால் உள்ள ஃப்ளஷ் டேங்க் இடிக்கிறதா, இந்த இரண்டையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மணமகள் அறையோ மணமகன் அறையோ தரைத்தளத்தில் இருந்தால் அதன் டாய்லெட்டையும் அளந்து பாருங்கள்; பெரும்பாலும் பொது டாய்லெட்டைவிட அது விசாலமாக இருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. விசேஷத்துக்குப் போவதென்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு அதனால் சிறுநீர்த் தொற்று வரலாம், காய்ச்சலில் படுத்துவிடலாம். டாய்லெட் சரியில்லை என்பதற்காக ஒருவர் தாகத்தோடு கல்யாணம் பார்க்கக் கூடாது.

கேள்வி: எங்கள் மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு டாய்லெட் கட்டப் போகிறோம். நான்குக்கு ஐந்து அடியில் அடுத்தடுத்து இரண்டு டாய்லெட் இருக்கிறது. நடுச்சுவரை இடித்தால் போதுமா?
– மண்டப உரிமையாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: போதாது. எட்டுக்கு ஐந்துதான் கிடைக்கும். டைல்ஸ் ஒட்டிய பிறகு உள்ளளவு 2.2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது சுமார் ஏழே காலுக்கு ஆறரை அடி வேண்டும். முன்னால் உள்ள நடைபாதையில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் காலியாக இருக்க வேண்டும்.

கதவைப் பொது வராந்தாவில் வையுங்கள். ஆண்கள் பகுதிக்குள்ளோ பெண்கள் பகுதிக்குள்ளோ வைத்தால், மனைவிக்குக் கணவரும் அப்பாவுக்கு மகளும் உதவிக்குப் போக முடியாது. திறப்பு 90 செ.மீ. சுத்தமாகக் கிடைக்க, நிலை மூன்றரை அடி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே திறக்கும் கதவென்றால், தவறி விழுந்தவர் அதை அடைத்துக்கொண்டு கிடப்பார். யாராலும் திறக்க முடியாது. தாழ்ப்பாள் அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும். தண்ணீர் வெளியே வராமல் தடுப்பதற்கென்று வாசலில் கல் பதிக்க வேண்டாம், 12 மி.மீ.க்கு மேல் மேடு இருந்தாலே முன்சக்கரம் முட்டி நின்றுவிடும். தண்ணீரைத் தரைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

பீங்கானின் சீட் தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 40 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும், கேட்டு வாங்குங்கள். அதன் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 45 முதல் 48 செ.மீ., மறுபக்கம் நாற்காலி நிற்க 90 செ.மீ. காலி இடம். அந்தக் காலி இடத்தில் குப்பைக்கூடையோ வாளியோ வந்துவிடக் கூடாது.

கைப்பிடிக் கம்பியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சுவர்ப் பக்கம் நிலையான கம்பி, நாற்காலி வரும் பக்கம் மேலே தூக்கி மடக்கும் கம்பி. விட்டம் 30 முதல் 40 மி.மீ., சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விரல் நுழைய 5 செ.மீ. டைல்ஸில் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக்கில் ஸ்க்ரூ முடுக்கினால் சில மாதத்தில் ஆடத் தொடங்கும், ஒருநாள் ஆளோடு சேர்ந்து வந்துவிடும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அந்த இடத்தை உடைத்து கான்கிரீட் நிரப்பி, பிறகு ஆங்கர் போல்ட் போடுங்கள். கனமான ஆள் ஒருவர் முழு எடையும் கொடுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது.

கழுவும் குழாய் உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் பக்கச் சுவரில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். வாஷ்பேசினுக்குக் கீழே முழங்கால் நுழைய வேண்டும், ஆகவே தூண் வைத்த மாடல் ஒத்துவராது. மணிக்கயிறு தரையிலிருந்து 30 செ.மீ. வரை தொங்கட்டும், மணி அலுவலகத்தில் ஒலிக்கட்டும். சென்சார் விளக்கைத் தவிர்த்துவிடுங்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அது இருட்டில் விட்டுவிடும்.

கட்டி முடித்ததும் தயவுசெய்து பூட்டாதீர்கள். துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் வைக்கிற இடமாக அதை மாற்றிவிட்டால் செலவு செய்த பணம் அத்தனையும் வீண்.

கேள்வி: "இது தனியார் மண்டபம், சட்டமெல்லாம் அரசுக் கட்டடத்துக்குத்தான்" என்கிறார் எங்கள் ஊர் மண்டபக்காரர். உண்மையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் "பொதுக் கட்டடம்" என்பது மக்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தனியார் கட்டடத்தையும் சேர்த்ததுதான். பிரிவு 44 புதிய கட்டடங்களுக்கானது: விதிகளின்படி வசதி இல்லாவிட்டால் அனுமதியோ கட்டி முடித்த சான்றிதழோ தரக் கூடாது. பிரிவு 45 பழைய கட்டடங்களுக்கு, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடம் கெடு கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில்; ஆக அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பிரிவு 89-இன்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. தேதி, அளவு, போட்டோவோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாநில ஆணையருக்கும் அனுப்பலாம்.

கேள்வி: மணமேடைக்கு ராம்ப் எவ்வளவு நீளம் வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம். மேடை மூன்றடி என்றால் 36 அடி, நடுவில் ஐந்தடி சமதளம் தனி. அதற்கு இடம் இல்லாத மண்டபத்தில் மரப்பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைப்பது ஆபத்து. மேலே கார்ப்பெட் விரித்தால் சக்கரமும் வழுக்கும், தள்ளுபவர் காலும் வழுக்கும்.

படிகளில் தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் அவரைக் கேளுங்கள். எப்படித் தூக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். பொதுவாக, நாற்காலியின் முதுகு மேடையைப் பார்க்கட்டும். பின்னால் சாய்த்து, பெரிய சக்கரங்களைப் படிப்படியாக ஏற்றுங்கள். மேலே ஒருவர் தள்ளுகைப்பிடியைப் பிடிக்க, கீழே ஒருவர் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கை வைக்கும் பகுதியையும் கால்பலகையையும் பிடிக்கக் கூடாது. அவை கழன்று வருபவை. பேட்டரி நாற்காலியைத் தூக்க முயலாதீர்கள், எடை மிக அதிகம். இதைவிட நல்ல வழி, மணமக்கள் ஐந்து நிமிடம் கீழே இறங்கி வந்து அவரோடு போட்டோ எடுத்துக்கொள்வது.