அசல் சான்றிதழைப் பள்ளி தர மறுத்தால்

டீச்சர், மார்த்தாண்டத்துத் தனியார் பள்ளி உங்கள் பி.எட். அசல் சான்றிதழை வைத்துக்கொண்டு தர மறுக்கிறது, டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வை எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். விண்ணப்பம் ஆன்லைனில்தான், அசலைக் காட்ட வேண்டியது பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில். தேர்ச்சி வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

வாட்ஸ்அப்பில் கெஞ்சாதீர்கள். சான்றிதழைக் கேட்டுத் தாளாளருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அதன் நகலோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு. தொழிலாளர் நீதிமன்றம் பக்கம் போக வேண்டாம். ஆசிரியர் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது. வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி மட்டும் உண்டு, வேலையில் ஐந்து வருடம் முடிந்திருந்தால் விடாதீர்கள்.

அப்புறம், ‘பயிற்சி’ என்று சொல்லிக் களியக்காவிளை வரை வீடுவீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புகிறார்களே, இரண்டு வருடம் பி.எட். படித்தது இதற்கா?