லாக்கிங் ஸ்க்ரூ சாய்ஞ்சா தாங்குமா? – கேள்வி பதில்

எலும்பு முறிவு பிளேட் பத்தி கேள்விங்க நிறைய சேர்ந்துடுச்சு, பாதிக்கு மேல ஸ்க்ரூ எந்த கோணத்துல போகணும்ங்கறதுதான். ஒரேயடியா பதில் போட்டுடறேன்.

கேள்வி: சாதாரண லாக்கிங் ஸ்க்ரூவை (ஒரே கோணத்துல பிளேட்டோட பூட்டிக்கறது) ட்ரில் கைடு (துளையை நேரா போட வழிகாட்டற குழாய்) இல்லாம லேசா சாய்ச்சு போட்டா என்ன ஆகும்? (எலும்பு மருத்துவம் படிக்கற பிஜி மாணவர்)

பதில்: போடாதீங்க. தலையில இருக்கற மரையும் பிளேட் ஓட்டையில இருக்கற மரையும் முழுசா கவ்வினாதான் அது லாக்கிங். 5 டிகிரி தாண்டினாலே பிடிப்பு நல்லா குறைஞ்சுடுதுன்னு லேப்ல லோடு குடுத்து பார்த்திருக்காங்க. இதுல ஒரு ஏமாத்து வேலையும் இருக்கு, பாட்டில் மூடியை கோணலா திருகினா டைட்டா இருக்கற மாதிரியே தோணும்ல, அதேதான், கைக்கு சூப்பரா பிடிச்ச மாதிரி இருக்கும், ஆனா குனிஞ்சு பார்த்தா தலை ஒரு பக்கம் பிளேட்டுக்கு மேல தூக்கிட்டு நிக்கும். அப்படி நின்னா கழட்டிட்டு கைடை மாட்டி நேரா போடுங்க. விட்டுட்டா நோயாளி நடக்க நடக்க ஸ்க்ரூ ஆட ஆரம்பிச்சு மெதுவா வெளிய வரும்.

கேள்வி: வேரியபிள் ஆங்கிள் பிளேட்ல (ஸ்க்ரூ கோணத்தை மாத்திக்கற வகை) 15 டிகிரி வரைக்கும் சாய்க்கலாம்னு கம்பெனி ரெப் சொல்றார். நேரா போட்டாலும் 15ல போட்டாலும் பலம் ஒண்ணுதானா?

பதில்: இல்லைங்க. 15ங்கறது பூட்டிக்கற எல்லை, பலம் அப்படியே இருக்கும்னு யாரும் கேரண்டி குடுக்கல. சிலதுல ஓட்டைக்குள்ள மரை நாலு தூணா நிக்கும், ஸ்க்ரூ தலை உருண்டையா இருக்கும். சிலதுல தலையே பிளேட்டை அறுத்து தனக்கு வழி பண்ணிக்கும். இன்னும் சிலதுல மேல தனியா ஒரு மூடி போட்டு அழுத்தி நிறுத்துவாங்க. மரையை நம்பற டிசைன்ல பொதுவா கோணம் கூட கூட கவ்வற பல்லு குறையும், அதனால வளைக்கற விசைக்கு சீக்கிரம் நழுவும். மூடி டைப் உராய்வுல நிக்கறதால அதோட கணக்கு வேற. அறுத்துக்கற டைப்ல இன்னொரு தொல்லை, கோணம் சரியில்லைன்னு அதே ஓட்டையில திரும்ப திரும்ப போட்டா ஓட்டையே கெட்டுடும். என் கருத்து, மூட்டுக்குள்ள போகாம தப்பிக்க, இல்ல தொடை எலும்புல ஏற்கனவே இருக்கற செயற்கை மூட்டு தண்டை சுத்தி போகத்தான் சாய்க்கணும், வசதியா இருக்குன்னு சாய்க்கக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு மணிக்கட்டுல பிளேட். எக்ஸ்ரேல ஸ்க்ரூ எல்லாம் ஆளுக்கொரு பக்கம் சாய்ஞ்சிருக்கு. தப்பா போட்டுட்டாங்களா?

பதில்: பயப்படாதீங்க, அந்த பிளேட்ல நுனி வரிசை ஓட்டைங்களையே சாய்வாத்தான் செஞ்சிருப்பாங்க, மூட்டு பரப்புக்கு அடியில விசிறி மாதிரி தாங்கறதுக்கு. நுனி மூட்டுக்குள்ள போயிருக்கா, பின்பக்கம் நீட்டிக்கிட்டு தசைநாணை உரசுதாங்கறதுதான் முக்கியம். கையை 20 டிகிரி கிட்ட தூக்கி பக்கவாட்டுல எடுக்கற எக்ஸ்ரேல மூட்டு தெளிவா தெரியும். விரலை நிமித்தும்போது கையோட பின்பக்கம் கரகரன்னு இருந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: 3.5 மில்லி சாதா ஸ்க்ரூவும் (பிளேட்டோட பூட்டிக்காதது) லாக்கிங்கும் ஒரே சைஸ்தானே?

பதில்: வெளியளவு ஒண்ணுதான். உள்தண்டு சாதாவுல 2.4 மில்லி, லாக்கிங்ல 2.9. வளையாம தாங்கற பலம் விட்டத்தோட மூணாம் அடுக்குல ஏறும், போட்டு பாருங்க, கிட்டத்தட்ட 1.75 மடங்கு வரும்.

கேள்வி: டார்க் லிமிட்டர் (குறிப்பிட்ட அளவு முறுக்கு வந்ததும் நழுவி நிறுத்தற கருவி) கட்டாயமா? கையாலயே முறுக்கிடலாமே?

பதில்: கட்டாயம். 3.5 மில்லி லாக்கிங் ஸ்க்ரூவுக்கு 1.5 நியூட்டன் மீட்டர், 5.0 மில்லிக்கு 4, டிக்குனு சத்தம் வந்ததும் நிறுத்திடுங்க. கடைசி முறுக்கை மெஷின்ல போடவே போடாதீங்க, டைட்டானியம்ல கோணலும் அதிக முறுக்கும் சேர்ந்தா தலை பிளேட்டோட இறுகி ஒட்டிக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்கப் போறவர் ஸ்க்ரூட்ரைவர் வழுக்கி வழுக்கி தலை குழியே உருண்டையாகி, கடைசில கார்பைடு பிட்டால (உலோகத்தையே குடையற கெட்டியான துளை முனை) தலையை குடைஞ்சு எடுக்கற நிலைமைக்கு வந்துடுவார், அந்த உலோகத் தூளை கழுவி எடுக்கறதுக்கே தனியா நேரம் ஆகும்.