விழா மலருக்கு ஒரு பக்கம்

அன்புள்ள ஐயா,

நம் கத்தோலிக்கப் பங்கின் வரலாற்றை விழா மலராகக் கொண்டுவருகிறோம். போர்த்துக்கேயர் 1628ல் கோட்டை கட்டியதால், 2028ல் பங்குக்கும் 400 வயது என்று எழுதலாமா? பங்குத்தந்தையர் பட்டியலில் உள்ள இடைவெளிகளை எப்படி நிரப்புவது? தங்கள் வாழ்த்துச் செய்தியும் வேண்டும்.

ஒரு வாசகர், மட்டக்களப்பு

அன்புள்ள தம்பி,

400 வயது கோட்டைக்கு, பங்குக்கு அல்ல. 1638ல் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு அவர்கள் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் தலைகாட்ட முடியாத காலம் வந்தது. கோவாவின் குருவானவர் ஜோசப் வாஸ் அடிகள் 1687ல் மாறுவேடத்தில் இலங்கைக்குள் நுழைந்தது வேடிக்கைக்கா? 1893ல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது, பிரெஞ்சு இயேசு சபையினருக்குப் பின் அமெரிக்கர் வந்தது, 2012ல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது எல்லாம் ஆயர் இல்லத்தில் கேளுங்கள். பட்டியலும் அங்கேயே கிடைக்கும்.

எனக்கு எரிச்சல் அந்தப் பட்டியல் மேல்தான். குருமார் மாறிக்கொண்டே இருப்பார்கள், தம்பி. கோவிலைக் காத்தது யார்?

1978 நவம்பர் 23 சூறாவளியில் நம் கோவில் ஓடுகள் பறந்தன. அலுமாரியில் இருந்த ஞானஸ்நானப் பதிவேடுகள் நனைந்து ஊதிவிட்டன. என் அம்மம்மாவும் தாண்டவன்வெளியில் இருந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கி ஆச்சி ஒருவரும் முற்றத்தில் பாய் விரித்து, ஒட்டிக்கிடந்த தாள்களை ஈர்க்கால் பிரித்து, இடையிடையே பழைய பத்திரிகையைச் செருகினார்கள். வெயில் பட்டால் மை வெளிறிவிடும் என்று, விழுந்துகிடந்த மாமரத்தின் நிழல் நகர நகர ஆச்சியும் பாயை இழுத்துக்கொண்டிருந்தார். லத்தீன் தெரியாது. தன் பிள்ளைகளின் பெயர் எந்தத் தாளில் என்பது மட்டும் தெரியும். இன்று கனடாவிலிருந்து நம்மவர்கள் கேட்டு எழுதும் சான்றிதழ்கள் அந்தத் தாள்களிலிருந்துதான் வருகின்றன. பொன்விழா மலரில் ஆச்சியின் பெயர் உண்டா? பீடத்தை இழைத்த தச்சரின் பெயர்? குருவானவர் வராத ஞாயிறுகளில் செபம் சொன்ன மூப்பரின் பெயர்? நன்கொடை கொடுத்தவர் பெயர் மட்டும் சலவைக்கல்லில் இருக்கிறது!

1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டுக் காணாமற்போன அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட் அடிகளைப் பற்றி எழுதுவீர்கள். எழுதத்தான் வேண்டும். அவருடன் சேர்ந்து காணாமற்போன நம் இளைஞனையும் எழுதுவீர்களா, அல்லது 'மற்றொருவர்' என்று முடித்துவிடுவீர்களா?

மரணப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போங்கள். மாலையில் போங்கள், பேசுவார்கள். வாழ்த்துச் செய்தி தரமாட்டேன். எனக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் மூப்பர்மாரின் பெயர்களைப் போடுங்கள். ஆச்சியின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன்; எழுத்துப்பிழை இல்லாமல் அச்சிடுங்கள்.