9 நாளா, 5 மாதமா? விற்காத வீட்டின் நாள்கணக்கு

கேள்வி: டாலஸ் பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறது, கேட்கும் விலை 4,60,000 டாலர். விளம்பரத்தில் 'சந்தைக்கு வந்து 9 நாள்' என்று இருக்கிறது. நாங்கள் வாடகைக்கு இருப்பது இரண்டு தெரு தள்ளி, அந்த விற்பனைப் பலகையை மார்ச்சிலிருந்தே பார்க்கிறோம், இப்போது ஆகஸ்ட். ஏஜென்ட்டோ 'புது லிஸ்டிங், யோசிக்காமல் முழு விலை கொடுங்கள்' என்கிறார். எதை நம்புவது?

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். அதற்காக அந்த 9 பொய் என்றும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு எண்ணுவது வீட்டை இல்லை, லிஸ்டிங்கை, அதாவது விற்பனைப் பதிவை. ஏஜென்ட்கள் பகிர்ந்துகொள்ளும் எம்.எல்.எஸ். தளத்தில் வீடு ஏறிய நாளிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறார்கள், பழைய லிஸ்டிங்கை எடுத்துவிட்டு, அல்லது வேறு ஏஜென்ட்டிடம் கொடுத்து, புது எண்ணில் ஏற்றினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. வீடு அதே வீடுதான், கூரையைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

இந்தத் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் பல எம்.எல்.எஸ்.களில் இன்னொரு கணக்கும் உண்டு: சி.டி.ஓ.எம்., அதாவது பழைய லிஸ்டிங்குகளின் நாட்களையும் சேர்த்த மொத்தக் கணக்கு. வீடு குறிப்பிட்ட காலம் சந்தையை விட்டு விலகியிருந்தால்தான் இது பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தக் காலம் 30 நாளா, 60 நாளா, 90 நாளா என்பது ஒவ்வொரு எம்.எல்.எஸ்.ஸின் விதியைப் பொறுத்தது. 'விரைவில் வருகிறது' என்று போட்டு வைத்திருக்கும் நாட்கள் பல இடங்களில் கணக்கிலேயே வராது. வீட்டு விளம்பரத் தளமான ஜில்லோ காட்டுவது வீடு ஜில்லோவில் இருக்கும் நாட்களை, அதனால் தளத்துக்குத் தளம் எண் மாறினால் குழம்ப வேண்டாம். அங்கேயே கீழே விலை வரலாறு இருக்கும், எப்போது ஏற்றினார்கள், எப்போது எடுத்தார்கள், எப்போது விலையைக் குறைத்தார்கள் என்பதை முதலில் அதில் பாருங்கள்.

முழு விலை கொடுக்கச் சொன்னவர் விற்பவரின் ஏஜென்ட் என்றால் அவர் அப்படித்தான் சொல்வார், அது அவர் வேலை. உங்கள் ஏஜென்ட்டே சொன்னார் என்றால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. எப்படியோ, உங்கள் தரப்பு ஏஜென்ட்டிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த முகவரியின் முழு லிஸ்டிங் வரலாறு, சி.டி.ஓ.எம்., அப்புறம் கடந்த சில மாதங்களில் அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் உண்மையான விற்பனை விலை. டெக்சாஸில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்கும் கட்டாயம் இல்லை, ஆக நீங்கள் இணையத்தில் தேடினால் பெரும்பாலும் மதிப்பீடுதான் கிடைக்கும்.

இந்த வீட்டு நாட்களை ஏரியா சராசரியோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. எம்.எல்.எஸ். கணக்கு பெரும்பாலும் ஒப்பந்தம் ஆனதும் நின்றுவிடும். இன்னொரு வீட்டுத் தளமான ரியல்டர்.காம் வெளியிடும் ஏரியா இடைநிலைக் (மீடியன்) கணக்கோ பத்திரம் முடியும் நாள் வரை, அல்லது லிஸ்டிங்கை எடுக்கும் நாள் வரை போகும். கடன் வாங்கி முடிக்கும் வீட்டுக்கு நடுவில் ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும் என்பதால், இரண்டையும் கலந்தால் ஐந்து வாரம் தேங்கிய வீடுகூட சாதாரணமாகத் தெரியும்.

பேரத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு, தவணை, சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து விற்பவருக்கு மாதம் 3,200 டாலர் போகிறது என்று வையுங்கள், ஐந்து மாதத்தில் 16,000. நீங்கள் 4,40,000 சொன்னால் அவருக்குக் கோபம் வராது, கணக்குத்தான் போடுவார். அக்கம்பக்கத்து விற்பனை விலை இடம் கொடுத்தால் இன்னும் கீழேயே ஆரம்பிக்கலாம்.

அதற்கு முன்னால், வரலாற்றில் 'ஒப்பந்தம்' என்று ஆகி மறுபடி 'விற்பனைக்கு' என்று வந்திருக்கிறதா பாருங்கள். டெக்சாஸில் ஒப்பந்தம் ஆனதும் கிடைக்கும் ஆப்ஷன் பீரியட் என்ற குறுகிய அவகாசத்துக்குள் வாங்குபவர் காரணமே சொல்லாமல் விலகலாம். கடன் கிடைக்காமலும் போயிருக்கலாம், ஆனால் டாலஸின் களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், அஸ்திவாரம் விரிசல் விடும், இன்ஸ்பெக்‌ஷனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடியிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அப்படி ஒரு முறை நடந்திருந்தால், உங்கள் ஆப்ஷன் பீரியடில் வழக்கமான இன்ஸ்பெக்டரோடு நிறுத்தாமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் கூட்டிப் போங்கள். அவர் அறிக்கை கையில் வந்த பிறகு விலையை மறுபடி பேசலாம்.