அரிய விதைகளுக்கு வளமான மண் வேண்டுமா?

கேள்வி: இருபது அடீனியம் விதைகள் வாங்கி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு கலந்த தொட்டியில் விதைத்தேன். பதினான்கு முளைத்தன. ஆனால் பத்தே நாளில் அடித்தண்டு நைந்து எல்லாம் சாய்ந்துவிட்டன. இதே கலவையில் கத்தரி, மிளகாய் நாற்றுகள் செழிப்பாக வருகின்றன. அடுத்து கள்ளி விதைகளும், பூச்சியுண்ணும் டிரோசெரா விதைகளும் போட எண்ணியிருக்கிறேன். எந்த மண்கலவை சரியாக இருக்கும்?
— வாசகி ஒருவர், கரூர்

பதில்: பதினான்கு முளைத்திருப்பதால் விதையில் குறையில்லை. நீங்கள் கண்டது நாற்றழுகல். ஈரம் தேங்கிக் காற்றோட்டம் குறைந்த மண்ணில் பித்தியம் முதலிய நோய்க்கிருமிகள் பெருகி, மண்ணை ஒட்டிய இளந்தண்டைத் தாக்குவதால் இது வருகிறது. சகாராவின் தென்விளிம்பிலும் அரேபியாவிலும், பெய்த நீர் உடனே வடிந்துவிடும் மணலிலும் பாறையிடுக்கிலும் வளரும் அடீனியத்தின் நாற்று, முளைத்த சில நாளிலேயே தண்டில் நீரைச் சேமித்துப் பருத்துவிடுவதால், கத்தரி நாற்று தாங்கும் ஈரத்தை அதனால் தாங்க முடிவதில்லை.

முளைக்கும் விதைக்கு உரம் தேவையே இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் சில நாட்களுக்கான உணவை விதை தனக்குள்ளேயே கொண்டுவருகிறது. அது மண்ணிடம் கேட்பது ஈரம், காற்று, வெப்பம் ஆகியவற்றை மட்டுமே. அரிய விதை என்ற அன்பினால் நாம் கூடுதலாக இடும் மண்புழு உரம் ஈரத்தைப் பிடித்துவைக்கிறதே தவிர, அந்த நாட்களில் நாற்றுக்குப் பயன்படுவதில்லை.

ஆகவே அடீனியத்துக்கு இரண்டு பங்கு பருமணல் அல்லது பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த, எடை குறைந்த வெண்துகள்), ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு போதும். எம்-சாண்ட் என்றால் கல்தூள் முழுதும் நீங்கி, கழுவிய நீர் தெளியும் வரை அலசுங்கள். அந்தத் தூள்தான் மணலின் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. கடல் மணல் வேண்டாம். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அதையும் ஊறவைத்து, மூன்று முறையாவது நீர் மாற்றிப் பிழிந்தெடுங்கள். கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். ஓரிரு சொட்டுக்கு மேல் வடிந்தால் ஈரம் அதிகம். விதையைப் படுக்கவைத்து அரை சென்டிமீட்டருக்கு மணல் தூவி, தொட்டியைத் தட்டு நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டு, மேல்மண் நனைந்ததும் எடுத்துவிடுங்கள். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் புதிய விதை பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பின் வரும் உண்மையிலைகள் இரண்டு மூன்று வந்த பிறகு மிகவும் நீர்த்த உரம் கொடுக்கலாம்.

கள்ளிக்கும் இதே கலவைதான். விதை மிகச் சிறியது என்பதால் மேலடுக்கை மட்டும் சலித்து இடுங்கள். பெரும்பாலான கள்ளி விதைகள் வெளிச்சத்தில்தான் நன்கு முளைக்கும், ஆகவே மூட வேண்டாம். பாலைவனச் செடிதானே என்று காயவிடுவது பலரும் செய்யும் தவறு. முதல் சில வாரங்கள் மூடியுள்ள பெட்டியில் ஈரம் குறையாமல் இருக்க வேண்டும்.

டிரோசெராவுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சத்து மிகக் குறைந்த, புளிப்புத்தன்மையுள்ள சதுப்பு நிலத்தில் வளர்வதால்தான் அது பூச்சியைப் பிடித்து உண்ணக் கற்றிருக்கிறது. உரம் கலக்காத பீட் மாஸும் (சதுப்பு நிலப் பாசி நாட்பட மட்கியது), சுண்ணாம்பு இல்லாத, நன்கு கழுவிய சிலிக்கா மணலும் சம பங்கு எடுங்கள். செம்மண்ணும் மண்புழு உரமும் துளியும் சேரக்கூடாது. தூசி போன்ற விதையை மேலே தூவிவிட்டு, தொட்டியை ஆழமற்ற நீர்த்தட்டிலேயே நிறுத்திவையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து நாற்றைக் கொன்றுவிடும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோதான் வேண்டும். அடுத்த மழையில் இரண்டு குடம் பிடித்துவைத்துக்கொண்டு அந்த விதையை வாங்குங்கள்.