தெருவிளக்கும் சம்பந்தமும்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் சீனியர் ஆபீசில் சர் தி. முத்துசாமி ஐயரின் படம் மாட்டியிருக்கிறது. தெருவிளக்கில் படித்தார், மதராஸ் ஹைகோர்ட்டின் முதல் இந்திய ஜட்ஜ் ஆனார். யாரைக் கேட்டாலும் இதோடு முடித்துவிடுகிறார்கள். 17 வருஷம் ஜட்ஜாக இருந்தவர் என்னதான் எழுதினார்? நாம் அப்போது திருவிதாங்கூர் அல்லவா, அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு ஜூனியர் வக்கீல், தக்கலை

அன்புள்ள தம்பி,

சரியான வார்த்தையைத்தான் போட்டிருக்கிறீர்கள். சம்பந்தம்தான் விஷயமே.

விளக்குக் கதை எனக்கும் சலித்துவிட்டது. மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கரிடம் எடுபிடியாக இருந்த பையன் என்பதுதான் எனக்குப் பெரிது. நிலமும் வாரிசும் சண்டையும் அங்கேயே அவருக்குப் பழகியிருக்கும். அவர் எழுத்தைத் தேட வேண்டிய இடம் லா ரிப்போர்ட், அதாவது கோர்ட் தீர்ப்புகளின் தொகுப்பு. 1876இல் தொடங்கிய மதராஸ் வரிசையைப் புரட்டுங்கள். 1895இல் பதவியிலேயே இறக்கும்வரை அவர் பெயர் வந்துகொண்டே இருக்கும்.

நமக்கு வேண்டியது வேறொன்று. மலபாரில் நாயர்கள் ஆண்-பெண் சேர்ந்து வாழும் உறவுக்குச் சம்பந்தம் என்று பெயர்; அதைக் கோர்ட்டுகள் கல்யாணமாக ஏற்கவில்லை. அதைச் சட்டமாக்க சங்கரன் நாயர் மசோதா கொண்டுவந்தார். 1891இல் விசாரணைக் கமிஷன் போட்டார்கள்; தலைவர் முத்துசாமி ஐயர். அப்பன் சொத்து மகனுக்கு என்று வளர்ந்த தஞ்சாவூர்க்காரர், மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு, சொத்து போகும் ஊரில் உட்கார்ந்து சாட்சி கேட்கிறார்! அறிக்கையோடு அவருடைய தனிக் குறிப்பும் அச்சானது. அதைக் கட்டாயம் வாசியுங்கள். 1896இல் சட்டம் வந்தது, பதிவு செய்தவர்கள் என்னவோ கொஞ்சம் பேர்தான்.

அந்தச் சட்டம் ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் செல்லாது. ஆனால் சொத்து மகனுக்கா மருமகனுக்கா என்ற தகராறு இங்கே வீட்டுக்கு வீடு நடந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டில் தாலி கட்டிய கல்யாணம்தான். சொத்து மட்டும் மருமக்கள்வழி. பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஒரு துண்டு. கவிமணி கிண்டலடித்துப் பாடியதெல்லாம் இதைத்தான். கடைசியில் கொல்லம் ஆண்டு 1101இல் (1925-26) நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள், மருமக்கத்தாயத்துக்கு, அதாவது மருமக்கள்வழிக்கு, விளக்கம் சொல்லுமிடத்தில் இந்தச் சட்டத்தின் பெயர் இருக்கும். அந்த வருஷம் நவம்பரில்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.

எங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பிரமாணம் (சொத்துப் பத்திரம்) கிடந்தது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரைத் தாள், மடிப்பெல்லாம் கிழிசல், தேதி கொல்லம் 1102. சட்டம் வந்த மறுவருஷமே பாகம் பிரித்திருக்கிறார்கள். அதற்காகவே காத்துக் கிடந்திருப்பார்கள் போல. படமெடுத்து அனுப்புகிறேன். நாலாவது வரியில் ‘காரணவர்’ (குடும்பத் தலைவர்) என்பதை அடுத்து, பூச்சி அரித்த இடத்தில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. பழைய கையெழுத்து வாசிக்கிற குமாஸ்தா யாராவது உங்கள் ஆபீசில் இருந்தால் காட்டிக் கேளுங்கள்.